வலையில் சிக்கும் வரிக் கெளுத்தி

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீடு. இரண்டடி மீன்தொட்டியில் விரல் நீளத்தில் வரிபோட்ட கெளுத்தி நான்கு விட்டேன். பகல் முழுக்கக் குழாய்க்குள் ஒளிந்துகொள்கின்றன. கூட இருந்த நியான் டெட்ரா என்ற சின்ன மீன்கள் பன்னிரண்டில் இப்போது ஏழுதான் மிச்சம். தொட்டி மாற்றலாம் என்று ஒன்றைப் பிடித்தபோது வலையில் சிக்கிக்கொண்டது. விடுவிக்கப் போய் முள் குத்திக் கை வீங்கிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் கை. கெளுத்தி முள்ளின் உறையில் விஷச் சுரப்பி உண்டு. அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். அடுத்த முறை குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பொறுக்கும் சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. வீக்கம் ஏறினாலோ முள் முனை உள்ளே முறிந்திருந்தாலோ பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்விடுங்கள்.

சிக்கியதற்குக் காரணம் வலைதான். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். பக்க முள்ளின் உள்விளிம்பு ரம்பப் பல். மிரண்டதும் மூன்றையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். முதுகு முள்ளின் அடியில் இருக்கும் குட்டி முள் ஆப்பு மாதிரி இறுகுவதால் அழுத்தினாலும் மடங்காது. தூக்கும்போது ‘கிர்ர்’ என்று கேட்டிருக்குமே, அது பக்க முள் குழியில் உரசுகிற ஓசை. ஆகவே வலையே வேண்டாம். சோற்று டப்பா ஒன்றைத் தண்ணீருக்குள் சாய்த்து மீனை உள்ளே ஓட்டுங்கள். குழாய்க்குள் இருந்தால் இரண்டு முனையையும் பொத்திக் குழாயோடு தூக்குங்கள். ஏற்கெனவே சிக்கிவிட்டதா? இழுக்காதீர்கள். மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். நகக் கத்தரியால் முள்ளைச் சுற்றி வலை நூலை வெட்டுங்கள். இரண்டு வெள்ளி வலை போனால் போகட்டும், முள் பிடுங்கிய இடத்தில் பூஞ்சை ஏறினால் மீன் தேறுவது கடினம்.

இனி டெட்ரா. விளக்கணைத்த பிறகு வாய்க்குள் அடங்குகிற எதையும் கெளுத்தி விடாது. பசி ஒரு காரணமே அல்ல. மிச்சமிருக்கும் ஏழையும் இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கூட வைப்பதென்றால் ஃபிலமென்ட் பார்ப் மாதிரி உடம்பு அகன்ற, ஏழெட்டு செ.மீ. வளர்ந்த மீன்கள் சரிப்படும்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும், அறிவியல் பெயரில் சொன்னால், மிஸ்டஸ் விட்டாட்டஸ். 1794இல் பிளாக் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தது, தரங்கம்பாடியில் கிடைத்த மீனுக்கு; ஊரில் குழம்புக்குப் போகிற கெளுத்திதான். பத்துப் பன்னிரண்டு செ.மீ. எளிதாக வளரும், அதற்கு மேலும் போகலாம். உங்கள் இரண்டடித் தொட்டி ஐம்பது லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், நாள்பட்டால் போதாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் பாருங்கள். கூட்டமாக வாழும் மீன் இது, நான்கை ஆறாக்கினால் பகலிலும் கொஞ்சம் வெளியே வரும். ஆளுக்கொன்றாக ஒன்றரை அங்குலப் பிவிசி குழாய், அடியில் கூர்முனையில்லாத மெல்லிய மணல். கூர்க்கல்லும் அடியில் தங்கும் அழுக்கும் சேர்ந்தால் மீசை தேய்ந்து குட்டையாகிவிடும். நான்கு ஜோடி மீசையையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

உணவு, விளக்கணைத்துப் பத்து நிமிடம் கழித்து: அடியில் மூழ்கும் உருண்டைகள், வாரம் இரண்டு நாள் உறைந்த ரத்தப்புழு. கால் மணி நேரத்தில் தீராததை எடுத்துவிடுங்கள்.

வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். வாளியில் ஒரு ராத்திரி பிடித்துவைத்தால் போய்விடும் என்ற பழைய பழக்கம் இங்கே பலிக்காது. குளோரமின் என்று புட்டியில் எழுதியிருக்கும் ஆன்டி-குளோரின் (குளோரின் நீக்கும் மருந்து) வாங்குங்கள். வெறும் குளோரினுக்கானது அம்மோனியாவை மிச்சம் விட்டுவிடும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்தைப் பாதி அளவில் தொடங்குங்கள். செதில் இல்லாத உடம்பு, செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கடையிலோ மீன் வளர்ப்பவரிடமோ கொடுங்கள். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு.