பூனையின் வைத்தியர்

அன்புள்ள அக்காவுக்கு,

‘வாரியர்ஸ்’ நாவல் வரிசையைப் படித்து வளர்ந்தவள் நான். காட்டில் குலம் குலமாக வாழும் பூனைகளின் கதை. குலத்துக்கு ஒரு வைத்தியப் பூனை உண்டு. வலிக்கு வில்லோ மரப்பட்டை, பல்வலிக்கு ஆல்டர் பட்டை, புண் சீழ் பிடிக்காமலிருக்க ஓக் இலை என்று கொடுக்கும். நானும் தமிழில் ஒரு பூனைக்கதை எழுதுகிறேன். வில்லோவை அப்படியே வைக்கலாமா, வேம்பாக மாற்றிவிடலாமா?

பி.கு: எங்கள் பூனைக்கு இரண்டு நாளாக உடம்பு சுடுகிறது. நமக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால்வாசி கொடுத்தால் தப்பில்லையே?

கே.

அன்புள்ள கே.,

பின்குறிப்பைப் படித்த நிமிடமே ‘கொடுக்காதே’ என்று தனியாக எழுதிவிட்டேன். இதைப் பொதுவில் எழுதுவதும் அந்தப் பின்குறிப்புக்காகத்தான்.

கதை விஷயம் சின்னது. கதை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணின் மரத்தை வை. வேம்பு என்றால் வேம்பு. வில்லோவின் உறவு மரம்தான் வேண்டுமென்றால் நம் ஆற்றங்கரைகளில் ஆற்றுப்பாலை இருக்கிறது. சரி, அது முடிந்தது.

அந்த வில்லோ வைத்தியம் யாருடையது என்று யோசித்தாயா? மனிதர்களுடையது. 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், வில்லோ பட்டையை உலர்த்திப் பொடித்து விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துக் குணம் கண்டதாக லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டையிலுள்ள சாலிசின் என்ற மருந்துப் பொருள் 1828இல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வழியில் வந்து சேர்ந்ததுதான் ஆஸ்பிரின். நாவல்காரர்கள் நம் பாட்டி வைத்தியத்தைத் தூக்கிப் பூனையின் வாயில் வைத்துவிட்டார்கள். கதைக்கு அது அழகு. நிஜப் பூனைக்கு விஷம்.

நம் ஈரல் இந்த மாதிரி மருந்துகளோடு ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டி, நீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீரில் தள்ளிவிடும். அப்படி ஒட்டும் நொதிகளில் முக்கியமான ஒன்றின் மரபணு பூனையிடம் சிதைந்து கிடக்கிறது. சிங்கத்திடமும் சிறுத்தையிடமும் அப்படித்தான். காலம்காலமாக இறைச்சியே தின்றதால் செடிகளின் நஞ்சை முறிக்கும் தேவை அந்தக் குடும்பத்துக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரத்தத்தில் சேர்ந்த ஆஸ்பிரினில் பாதி வெளியேற நாய்க்குச் சுமார் 8 மணி நேரம், பூனைக்குச் சுமார் 38 மணி நேரம். நம் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் அதைவிட மோசம். ரத்தச் சிவப்பணுக்களையே கெடுத்துவிடும். ‘கால்வாசிதானே’ என்கிறாய். உன் எடை என்ன, அதன் எடை என்ன?

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு செவலைப் பூனை வளர்த்தோம். ஒருநாள் சுருண்டு படுத்துவிட்டது, காது அனலாய்ச் சுட்டது. நான்தான் அரை மாத்திரையைப் பொடித்து மீன்குழம்புச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். கசப்பு தெரியாமல் இருக்க மீனை நிறைய வைத்தேன். ராத்திரி முகம் வீங்கியது. ஈறு பழுப்பாகிவிட்டது. விடிவதற்குள் போய்விட்டது. ஈறு பழுப்பானதைச் சொன்னதும் கால்நடை மருத்துவர், “என்ன மாத்திரை கொடுத்தீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். உடனே கொண்டுவந்திருந்தால் மாற்று மருந்து இருந்ததாம். வீட்டில் எல்லோரிடமும் காய்ச்சலில் செத்தது என்றே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ அவ்வளவு படித்த பெண். பூனையின் மருந்தை ஒரு நாவலிலா கற்றுக்கொள்வது? அதையே எழுதப்போகும் நீயும் பூனையின் உடம்பைப் பார்க்கவில்லையே என்பதுதான் என் கோபம். உன் வைத்தியப் பூனை கெட்டிக்காரியாக இருந்தால் குட்டிகளுக்கு முதல் பாடமாக எந்தப் பட்டையை வாயில் வைக்கக் கூடாது என்றல்லவா சொல்லும்?

பூனைக்கு நிஜமாகவே பிடித்த செடிகள் உண்டு. ஜப்பானில் மடடபி என்றொரு கொடி. அதன் இலையைக் கண்டால் பூனை முகத்தைத் தேய்த்துப் புரளும். அப்படித் தேய்த்துக்கொண்ட பூனைமீது கொசு குறைவாக உட்காருகிறது என்று 2021இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் குப்பைமேனிக்கே பூனைவணங்கி என்று ஒரு பெயர் இருக்கிறதே! வேரைப் பிடுங்கிப் போட்டுப் பார், பூனை எங்கிருந்தாலும் வந்துவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு வில்லோவா வேம்பா என்று கேட்கிறாய்.

பூனையை மருத்துவரிடம் கொண்டுபோனாயா? அதை முதலில் எழுது. கதையை அப்புறம் அனுப்பு, படிக்கிறேன்.