ஒயர் அலாரத்தை எடுத்துவிட்டு ஒயர்லெஸ் போடலாமா?

(வீட்டு மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தஞ்சை மாவட்டத்தில் 26 ஆண்டுகளாக ஒயரிங், அலாரம் வேலை பார்த்துவரும் எலக்ட்ரீஷியனின் பதில்கள்)

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் எங்களுடையது பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 2009-ல் பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த பயத்தில் ஒயர் இழுத்து அலாரம் போட்டோம். வருடத்துக்கு 4,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். இப்போது பேனல் (அலாரத்தை இயக்கும் பெட்டி) பழுது, மாற்ற 28,000 ஆகும் என்கிறார்கள். சிகாகோவில் இருக்கும் மகன், "7,000 ரூபாய்க்கு ஒயர்லெஸ் செட் கிடைக்கிறது, யாராவது நுழைந்தால் என் செல்போனுக்கே தகவல் வரும், அதைப் போடுங்கள்" என்கிறான். கணவருக்குக் காது மந்தம். வருடத்தில் இரண்டு மாதம் மகளோடு பெங்களூரில் இருப்போம். மாற்றலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: மாற்றலாம் அம்மா. ஆனால் தகவல் மகனுக்கு மட்டும் போகிற மாதிரி வைக்காதீர்கள். இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால், கோடையில் சிகாகோவில் முதல் நாள் மதியம் மூன்றரை. தம்பி ஆபீஸில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார். பார்த்தாலும் அங்கிருந்து யாரைக் கூப்பிடுவார்? முதல் எண் உங்கள் தெருவில் இருக்கிறவருடையதாக இருக்கட்டும். இரண்டாவது மகள், மூன்றாவது மகன். அந்தத் தெருக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். "அழைப்பு வந்தால் நீங்கள் வீட்டுக்குள் போக வேண்டாம், விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுத்துவிட்டு 112-க்குச் சொன்னால் போதும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மன்னார்குடியில் என் தங்கை வீட்டுக்கு நானேதான் ஒயர்லெஸ் பெட்டி மாட்டினேன். உள்ளே ஒரு ப்ரீபெய்டு சிம். மாட்டின அன்று அதில் எண் பதிந்திருந்த மூன்று பேருக்கும் போன் மணி அடித்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் ஊரில் இல்லாத ஒரு ஐப்பசி மழை ராத்திரி, கொல்லைக் கதவை நெம்பிவிட்டார்கள். சைரன் அடித்திருக்கிறது, மழைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பெட்டியிலிருந்து ஒரு அழைப்பும் போகவில்லை. போன சாமான்களில் எங்கள் அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவும் ஒன்று. இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது. உங்கள் பெட்டியில் போடுகிற சிம்முக்கு ஒரு வருடத் திட்டமாகப் போட்டு, முடிகிற தேதியை மகளின் போனில் நினைவூட்டலாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். "பேனல் பழுது" என்று சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள். பேனல் பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் (7Ah) பேட்டரி ஒன்று இருக்கும். மூன்று நான்கு வருடத்தில் அது செத்துவிடும், பேனலும் கோளாறு காட்டும். வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து அதை மட்டும் சோதித்துப் பாருங்கள். பேட்டரிதான் காரணம் என்றால் செலவு மிகவும் குறைவு. அப்படியானால் பழைய பேனலோடு சிம் போடுகிற ஆட்டோ டயலர் ஒன்றை இணைத்தாலே செல்போனுக்கு அழைப்பு வந்துவிடும். 2009-ல் போட்ட அலாரம் என்பதால் லேண்ட்லைன் வழியாக டயல் செய்யும்படி வைத்திருக்கலாம். லேண்ட்லைனை எடுத்துவிட்டீர்கள் என்றால் இத்தனை நாளும் அது ஊமையாகத்தான் இருந்திருக்கும்.

பேனலே போய்விட்டது என்றால் ஒயர்லெஸ்ஸுக்குப் போங்கள். அப்போதும் சுவருக்குள் போகிற ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள். ஒயர் சென்சாரையும் ஏற்கிற ஒயர்லெஸ் பேனல்கள் இருக்கின்றன. வாசல் கதவில் இருக்கும் பழைய காந்தம் (கதவு திறந்தால் பேனலுக்குச் சொல்கிற சென்சார்) அப்படியே உதவும், அதற்கு பேட்டரி மாற்றுகிற வேலையும் இல்லை.

கடையில் விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: பெட்டிக்குள் இருப்பது 2ஜி மோடமா, 4ஜி மோடமா? விலை குறைந்த பெட்டிகளில் 2ஜி மட்டும் இருப்பது சகஜம். ஜியோவில் 2ஜி கிடையாது, 2016-ல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான். அந்தப் பெட்டியில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது. 4ஜி என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும், உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டு அழைப்பு போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வைஃபையில் மட்டும் ஓடுகிற பெட்டி உங்களுக்கு வேண்டாம். கரண்ட் போனால் ரௌட்டரும் போய்விடும், தகவலும் நின்றுவிடும். சிம்மும் வைஃபையும் சேர்ந்த பெட்டியாக, உள்ளே பேட்டரியோடு வாங்குங்கள். செயலியில் வருகிற அறிவிப்பை மட்டும் நம்ப வேண்டாம். பல போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும். மணி அடிக்கிற அழைப்புதான் ஆளை எழுப்பும்.

சென்சாரின் பேட்டரி தீரும்போது பேனல் சொல்லுமா என்றும் கேளுங்கள். மலிவான சென்சார் ஒருவழிப் பேச்சுதான், தன் சிக்னலை அனுப்பிவிட்டு இருந்துவிடும். அது செத்துக் கிடந்தாலும் பேனலுக்குத் தெரியாது. கொஞ்சம் விலை கூடியவற்றில் பேனலும் சென்சாரும் அவ்வப்போது பேசிக்கொள்ளும், ஒன்று பதில் தராவிட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும். 7,000-க்கு மேல் இரண்டாயிரம் ஆனாலும் இதற்காகக் கொடுக்கலாம்.

பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். கொல்லைக் கதவிலிருந்து கூடத்துக்குள் சிக்னல் வந்து சேருமா என்பது சந்தேகம். ஆணி அடிக்காமல் இருபக்கம் ஒட்டும் டேப்பில் ஒட்டி ஒரு வாரம் பாருங்கள். கொல்லையில் இரும்பு கிரில் இருந்தால் சாதாரணக் காந்தம் சரிப்படாது, இரும்பு அதன் இழுப்பைக் குறைத்துவிடும். இரும்புக் கதவுக்கென்றே பெரிய காந்தம் தனியாக வருகிறது.

ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சாரை முற்றத்தில் வைக்கவே வேண்டாம். வெயில், குருவி, பூனை எல்லாம் அதை எழுப்பும். கூடத்தில், முற்றத்திலிருந்து வருகிறவர் அதன் பார்வைக்குக் குறுக்கே கடக்கிற மாதிரி வையுங்கள். நேரே எதிரில் வருகிறவரைவிடக் குறுக்கே போகிறவரை அது சுலபமாகப் பிடிக்கும். இன்னொன்று: அது பார்ப்பது உடல் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. கத்திரி வெயிலில் சுவரே நம் உடம்பு மாதிரி கொதிக்கும்போது அதற்குக் கண் மங்கும். நீங்கள் பெங்களூர் போவது அந்த மாதங்களில் என்றால் பணத்தைக் கதவுக் காந்தங்களில் போடுங்கள். வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது.

கணவருக்காக, படுக்கையறையில் வெளிச்சம் விட்டு விட்டு மின்னுகிற சைரன் ஒன்று வைத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது உங்கள் காவல் நிலையத்தில் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

கேள்வி: ஒயர்லெஸ் அலாரம் மாட்டி மூன்று மாதம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் நள்ளிரவில் தானாகவே அடிக்கிறது. வீட்டில் பூனைகூட இல்லை. இப்போது அதை அணைத்தே வைத்துவிட்டோம்.
— வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் பல்லிதான். ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சாரின் முகத்திலேயே ஊர்வதால் அதன் கண்ணுக்குப் பல்லியும் ஆள் அளவுக்குத் தெரியும். மூடியைத் திறந்து பாருங்கள், சின்ன எறும்புகள் உள்ளே கூடு கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. சுத்தம் செய்து, பின்பக்கத் துளைகளைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். ஜன்னல் திரையோ ஏசி காற்றோ எதிரே இல்லாத மூலையாகப் பாருங்கள். அணைத்து மட்டும் வைக்காதீர்கள். அந்த ஒரு சென்சாரை மட்டும் அணைத்துவிட்டு, கதவுக் காந்தங்களை இன்று ராத்திரியே இயக்கத்தில் வையுங்கள்.