அம்பு எந்தப் பக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஃபேண்டஸி நாவல்களுக்கு அட்டைப்படம் வரைபவள். சமீபத்தில், ஓடும் குதிரைமேல் இருந்து அம்பு விடும் ஒரு பெண்ணை வரைந்தேன். முனைகள் வெளிப்பக்கம் வளைந்த குட்டை வில். வலது கையால் நாணை இழுக்கிறாள், அம்பு வில்லுக்கு வலப்பக்கம் இருக்கிறது. படத்தைப் பார்த்த ஒருவர், "அம்பு தப்பான பக்கம். வில்லைத் தொட்டே பார்க்காதவர் வரைந்தது" என்று எழுதிவிட்டார். இன்னும் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அதே படத்தில் பின்னால் ஒரு டிராகன் பறக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. அம்பு மட்டும் ஏன் இப்படி உறுத்துகிறது? உண்மையிலேயே தப்பா?

பூங்கொடி

அன்புள்ள பூங்கொடி,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்பு சரியான பக்கம்தான் இருக்கிறது. தப்பு, கையில்.

உங்களைக் குறை சொன்னவர் அநேகமாக ஐரோப்பிய முறையில் பழகியவர். அதில் சுட்டுவிரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிரவிரலும் கீழே. மூன்றும் சேர்ந்து நாணை இழுக்கும். வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் இருக்கும். ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது இதைத்தான். அதை மட்டுமே பார்த்தவருக்கு வலப்பக்க அம்பு பிழையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் மங்கோலியர், துருக்கியர், பாரசீகர், சீனர், கொரியர் எல்லாரும் இழுத்தது கட்டைவிரலால். கட்டைவிரலை நாணில் கொக்கிபோல மாட்டி, அதன் நுனியைச் சுட்டுவிரலால் பூட்டிக்கொள்வார்கள். நாண் சதையை அறுக்காமலிருக்க எலும்பு, கொம்பு, பச்சைக்கல் இவற்றில் செய்த மோதிரம் போட்டுக்கொள்வார்கள். ஜப்பானியரும் கட்டைவிரல்காரர்கள்தான், மோதிரத்துக்குப் பதில் கட்டைவிரல் விறைப்பாக இருக்கும் தோலுறை அணிவார்கள். இந்தப் பிடியில் சுட்டுவிரலின் பக்கவாட்டு அம்புத் தண்டை வலப்பக்கமிருந்து மெல்ல அழுத்துகிறது. அம்பு வில்லுக்கு வலப்பக்கம் இருந்தால் அந்த அழுத்தமே அதை வில்லோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், குதிரை என்ன குலுக்கினாலும் சரி. இடப்பக்கம் வைத்தால் அதே விரல் அம்பை வில்லிலிருந்து தள்ளிவிடும். ஆக, பக்கத்தை முடிவு செய்வது நாணை இழுக்கும் கைதான்.

உங்கள் பெண் வைத்திருப்பது ஆசியக் குதிரைவீரரின் வில். அம்பும் அந்த வழக்கப்படியே வலப்பக்கம். ஆனால் நாணைப் பிடித்திருப்பது மூன்று விரல்கள். ஓர் ஊர் வில்லை இன்னோர் ஊர்க் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அம்பை மாற்ற வேண்டாம், விரல்களை மாற்றுங்கள்.

இதை அதட்டிச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. என் நாவல் ஒன்றில் ஒருவன் தாத்தாவின் கட்டைவிரல் மோதிரத்தை இரண்டு பக்கத்துக்கு உருகி உருகி வர்ணித்து மாட்டிக்கொள்வான். அடுத்த அத்தியாயத்திலேயே மூன்று விரலால் நாணை இழுப்பான். ஒரு வாசகர் கடிதம் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இந்த வித்தியாசத்தை முறைப்படி எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர். ஒரு ஜப்பானிய நண்பரோடு சேர்ந்து அம்பு விட்டபோது, நண்பரின் கை வேறு மாதிரி வேலை செய்வதைக் கண்டு வந்த வெறும் ஆர்வம்தான் தொடக்கம். 1885இல் உலகின் அம்பு விடும் முறைகளை வகைபிரித்துக் கட்டுரை வெளியிட்டார். அம்பின் அடியைக் கட்டைவிரலுக்கும் மடக்கிய சுட்டுவிரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடிப்பது அவர் பட்டியலில் முதல் வகை. சொல்லிக்கொடுக்காமல் குழந்தையிடம் வில்லைக் கொடுத்தால் அப்படித்தான் பிடிக்கும். பலமான வில்லுக்கு அந்தப் பிடி தாங்காது.

அப்புறம், ஏகலைவன். துரோணர் கேட்டது ஏன் கட்டைவிரல்? மூன்று விரலால் இழுப்பவனுக்கு நாணில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. கட்டைவிரலால் இழுப்பவனிடம் கேட்டால்தான் அது தட்சணை. விரல் போனபின் மற்ற விரல்களால் எய்து பார்த்தான், பழைய வேகம் வரவில்லை என்று மகாபாரதமே சொல்கிறது. அந்த ஏகலைவனையே மூன்று விரலால் நாணை இழுக்கவிட்ட படங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இழுப்பவனாக இருந்தால், விரலைக் கொடுத்துவிட்டுக் காயம் ஆறியதும் பழையபடி எய்யப் போயிருப்பான்.

டிராகன் கேள்விக்கு வருகிறேன். டிராகனை யாரும் தொட்டதில்லை, அதனால் நீங்கள் வரைந்ததுதான் டிராகன். நாணை இழுத்து விரல் கன்றிப்போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண் நேராகக் கைக்குத்தான் போகும்.

கையைத் தாண்டினால் எனக்கு உறுத்துவது, முழுக்க இழுத்த வில்லோடு அசையாமல் நின்று வசனம் பேசும் வீரர்கள். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றை இழுக்கச் சுமார் 45 முதல் 80 கிலோ வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு யார் வசனம் பேசுவது? எப்போது பார்த்தாலும் நாண் பூட்டியே கிடக்கும் வில்லும் அப்படித்தான். மரமும் கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்த குதிரை வில், நாணைக் கழற்றினால் எதிர்ப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். திரும்பப் பூட்டுவது தனி வித்தை. ராமன் வில்லின் முனையைக் காலடியில் மடுத்ததையும் நாண் நுனியை வைத்ததையும் யாரும் பார்க்கவில்லை என்று கம்பன் பாடும்போது, நாணேற்றும் வேலை என்னென்ன என்று தெரிந்தே பாடுகிறான். நம் அட்டைப்படங்களில் அந்தக் கணத்தை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. நல்ல படமாக வரும்.

கடைசியாக, உங்கள் படத்தில் இன்னொன்று. அம்பின் முன்பகுதி இப்போது அந்தரத்தில் மிதக்கிறது. அது வில்லைப் பிடித்திருக்கும் இடது கையின் கட்டைவிரல் மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் போதும், விரலை அம்புக்கு மேலாக மடக்கிவிடாதீர்கள். அப்படி மடக்கினால், அம்பு கிளம்பும்போது பின்னிறகு தோலைச் சீவிக்கொண்டு போய்விடும்.