மூன்று தடவை பார்த்தால் மூன்று கணக்கு: பி.பி. மெஷின் கோளாறா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, கனத்த உடம்பு. ஒரு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு டிஜிட்டல் பி.பி. மெஷின் வாங்கினோம். முதலில் 158/94 காட்டியது. உடனே மறுபடி பார்த்தால் 149/90, அப்புறம் 146/88. மறுநாள் டாக்டர் பார்த்தபோது 138/84தான். மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாமா? ‘தலைவலி, கிறுகிறுப்பு ஒன்றும் இல்லையே, மாத்திரை எதற்கு?’ என்று அப்பா வேறு அடம்பிடிக்கிறார். - வாசகி, தென்காசி

பதில்: மெஷினைப் பார்சல் கட்டுவதற்கு முன் வீட்டில் இருக்கும் தையல் டேப்பை எடுங்கள். அப்பாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுங்கள். பிறகு கையில் சுற்றும் கஃப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘22-32 செ.மீ.’ என்பதுபோல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அப்பாவின் கை 35 என்றால் வில்லன் கிடைத்துவிட்டான். கைக்குச் சிறிதான கஃப், இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெரிய கஃப் தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரண கஃப் போட்டபோது மேல் அளவு சராசரியாக 4.8 கூடியது, அதைவிடப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்கு 19.5! இருக்கிற மாத்திரையோடு இன்னொன்றும் சேர இது போதும்.

நானும் ஒரு மெஷின் வாங்கப் போய், கஃப் என்ன அளவு என்று கேட்டேன். கடைக்காரப் பையன் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, ‘எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் சார்’ என்றான். செருப்புக்கு ஒன்பது சைஸ் வைத்திருக்கிற ஊரில்!

பெரிய கஃப் பல கம்பெனிகளில் தனியாகவே கிடைக்கிறது. உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். வேறு கம்பெனியுடையது குழாயில் பொருந்தினாலும் கணக்கு தப்பலாம்.

அடுத்தடுத்துப் பார்க்கும்போது அளவு இறங்குவது கோளாறு இல்லை. முதல் அளவு பெரும்பாலும் கூடத்தான் வரும். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கால்மேல் கால் வேண்டாம். கஃப் சட்டைமேல் இல்லாமல் வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பேச்சு கூடாது. ‘எவ்வளவு வருது?’ என்று பக்கத்தில் நின்று நீங்களும் கேட்காதீர்கள்!

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி விட்டு ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள். மேல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம், கீழ் எண் அது தளரும்போது இருப்பது. கிளினிக்கில் 140/90 என்பது எல்லை. வீட்டுச் சராசரிக்கு 135/85. இரண்டில் ஒரு எண் தாண்டினாலும் பிரஷர் கூடுதல் என்றே கணக்கு. அளவு கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள்.

அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். பிரஷருக்கு அறிகுறி என்று ஒன்றை நம்பியிருந்தால் ஏமாந்துபோவோம். பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமலே இதயம், சிறுநீரகம், கண், மூளை அடிவாங்கும். இப்போது அளவு ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது என்றால் அதில் மாத்திரையின் பங்கும் இருக்கும். மெஷின் 180/120-ஐத் தாண்டிக் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எது இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி இல்லாவிட்டால் சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவென்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

இனி பண விஷயம். விற்பனைப் பக்கத்தில் ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கஃப் அளவு தெளிவாகப் போட்டிருந்து நீங்கள் கவனிக்கவில்லை என்றால், சண்டை போடுவதைவிட பெரிய கஃப் வாங்குவதே லாபம். அதை மாட்டியதும் மெஷினை டாக்டரிடம் எடுத்துப்போய், அவருடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வாங்கலாமா? விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் செல்போன் ஆப்பும் இருக்கிறதாமே? - வாசகர், ஈரோடு

பதில்: மேல்கையில் சுற்றுகிற மெஷினே நல்லது. மணிக்கட்டு மெஷினில் கை நெஞ்சு உயரத்திலிருந்து கொஞ்சம் இறங்கினாலே அளவு மாறிவிடும். மேல்கைக்கு எந்த கஃப்பும் பொருந்தாதவர்களுக்கு மட்டும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு. அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.