வால்டீஸ் அருகே ஷூப் விரிகுடா கடல் பூங்கா: போகலாமா?

கேள்வி: அலாஸ்காவில் கடலோரம் வந்து முடியும் பனியாறு ஒன்றைக் கூட்டமில்லாமல் பார்க்க ஆசை. வால்டீஸ் பக்கத்தில் உள்ள ஷூப் விரிகுடா கடல் பூங்கா சரிப்படுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாடி உயரப் பனிச்சுவர் இடிந்து கடலில் விழுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்றால் ஷூப் வேண்டாம். வால்டீஸ் துறைமுகத்திலிருந்தே கொலம்பியா பனியாற்றுக்கும் மியர்ஸ் பனியாற்றுக்கும் சுற்றுலாப் படகுகள் போகின்றன, டிக்கெட் வாங்கி ஏறிக்கொள்ளுங்கள். ஷூப் பனியாறு வெகுவாகப் பின்வாங்கிவிட்டது. ஒரு காயலின் கோடியில் ஒதுங்கித்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் சத்தமோ ஒலிபெருக்கி விளக்கமோ இல்லாமல் ஒரு பனியாற்றின் எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், இரவும் அங்கேயே தங்க வேண்டும் என்றால் தயங்காமல் போங்கள்.

வால்டீஸ் சுமார் 4,000 பேர் வாழும் சிற்றூர். ஆங்கரேஜிலிருந்து காரில் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். அங்கிருந்து ஷூப் விரிகுடா கடல்வழியாக மேற்கே 12 கிலோமீட்டர்தான். சாலை கிடையாது. ஊரிலிருந்து கரையோரமாக ஒரு நடைபாதை போகிறது; கோல்ட் கிரீக் ஓடை வரை நன்றாக இருக்கும், அதைத் தாண்டினால் புதர் மண்டிக் கிடக்கும். நல்ல துடுப்புப் பழக்கம் உள்ளவர்கள் ஊரிலிருந்தே கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போகிறார்கள். நானும் மனைவியும் வாடகைப் படகில் கயாக்கை ஏற்றிக்கொண்டு போய் விரிகுடா வாயில் இறங்கிக்கொண்டோம். தெளிந்த நாட்களில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும் என்பதால் காலையிலேயே புறப்படுவது நல்லது.

இங்கே உங்கள் நேரத்தை முடிவு செய்வது பனியாறு இல்லை, ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது. வெளி விரிகுடாவுக்கும் பனியாறு இருக்கும் காயலுக்கும் நடுவே, முன்னொரு காலத்தில் அந்தப் பனியாறே தள்ளிக்கொண்டு வந்து குவித்த கற்கரை ஒன்று இருக்கிறது. அதை அறுத்துக்கொண்டு போகும் குறுகலான கால்வாய்தான் ஒரே வாசல். வால்டீஸில் பெரிய ஓத நாட்களில் கடல்மட்டம் 4, 5 மீட்டர் வரை ஏறி இறங்கும். அந்தத் தண்ணீரோடு, உருகி வரும் பனிநீரும் இதே கால்வாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் அது மலையாற்றின் வேகத்தில் ஓடும். எதிர்த்துத் துடுப்பு போட முடியாது.

நாங்கள் போனபோது தண்ணீர் இன்னும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கரையேறிக் காத்திருந்தோம். ஓரத்துக் கற்களில் ஒட்டியிருந்த கடற்பாசி இழைகள் எல்லாம் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டு துடித்தன. கொஞ்ச நேரத்தில் துடிப்பு தளர்ந்தது, இழைகள் செங்குத்தாக நின்று ஆடின, அப்புறம் ஒவ்வொன்றாக உள்பக்கம் சாய ஆரம்பித்தன. கயாக்கைத் தள்ளினோம், கடலே எங்களை உள்ளே கொண்டுபோய்விட்டது. ஓத அட்டவணையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனில் சிக்னலை நம்ப முடியாது. வெளியே வருவதற்கான நேரத்தையும் முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் காதில் விழுவது பறவைகள்தான். காயலில் ஒரு பாறைத் தீவு இருக்கிறது. கிட்டிவேக் என்ற சிறிய கடற்காகங்கள் அதன் விளிம்பு விளிம்பாகக் கூடு கட்டி, ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன. அமெரிக்க மீன், வனவுயிர் சேவைத் துறை நெடுங்காலம் ஆய்வு செய்த கூட்டம் இது. ஜூன், ஜூலையில் போனால் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். தள்ளி நின்றே பாருங்கள், கிட்டே போனால் தாய்ப்பறவைகள் எழும்பிவிடும், அந்த நேரம் பார்த்துக் காக்கையும் கழுகும் கூட்டில் கை வைக்கும். மிதக்கும் பனிக்கட்டியில் கடல்நாய் படுத்திருந்தால் அதற்கும் இதே மரியாதை.

காயல் தண்ணீர் சாம்பல் நிறம். பனியாறு பாறையை அரைத்த மாவு கலந்திருப்பதால் துடுப்பின் தகடு அமிழ்ந்த உடனே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சின்னப் பனிக்கட்டி ஒன்றின் பக்கத்தில் துடுப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். கடுகு பொரிவது போலச் சடசடவென்று கேட்கும். பழைய பனியில் அழுத்தத்தோடு அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்கள் உருகும்போது வெடிக்கிற சத்தம். பெரிய கட்டிகளின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அடி உருகி, சொல்லாமல் கொள்ளாமல் புரண்டுவிடும். அந்தக் குளிர்நீரில் விழுந்தால் சில நிமிடங்களிலேயே கை விறைத்துவிடும்.

இன்னொரு விஷயம், இடத்தின் அழகைப் பார்த்தால் தோன்றவே தோன்றாது. 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, இந்த விரிகுடா வாய்க்கு முன்னால் கடலடியில் இருந்த கற்குவியல் சரிந்தது. அதில் கிளம்பிய அலை அருகிலிருந்த கரைச்சரிவில் 50 மீட்டருக்கும் மேலே ஏறியது. அதே நாளில் வால்டீஸ் துறைமுக மேடையும் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு ஊரையே சில கிலோமீட்டர் தள்ளி, உறுதியான நிலத்தில் கட்டினார்கள். எனவே அங்கே இருக்கும்போது நிலம் ஆடினால், எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மேட்டில் ஏறுங்கள்.

தங்குவதற்கு மாநிலப் பூங்காத் துறையின் மரக்குடில்கள் மூன்று உண்டு. கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். மெத்தை கிடையாது, பலகைதான். கரடி நடமாட்டம் உள்ள இடம், சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். பருத்தி உடை வேண்டாம். கம்பளியும் மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போதும். கொசுவலைத் தொப்பி கேலியாகத் தெரியும், ஆனாலும் எடுத்துப் போங்கள்.

வயதான பெற்றோரோ சின்னக் குழந்தைகளோ கூட வருகிறார்கள் என்றால் கயாக் யோசனையை விட்டுவிடலாம். வால்டீஸுக்கு வரும் வழியிலேயே, தாம்சன் கணவாய் அருகே வொர்திங்டன் பனியாறு இருக்கிறது. அது கடலைத் தொடாது. ஆனால் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தாலே கண்ணெதிரே பனியைப் பார்க்கலாம், ஓத அட்டவணையும் தேவையில்லை.