இந்தப் பதிவு எங்கிருந்து வந்தது?

ராக் இசைக்குழுக்களின் மேடைக் கச்சேரிப் பதிவுகளைச் சேகரிப்பதும் பரிமாறிக்கொள்வதும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: பூட்லெக் என்பதும் திருட்டுப் பதிப்பு என்பதும் ஒன்றுதானே? ஓர் இசைக்குழுவை நேசிப்பவர் அதன் அனுமதி இல்லாத பதிவுகளைச் சேர்த்து வைப்பது முரணாக இல்லையா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. கடையில் விற்கும் ஆல்பத்தை அப்படியே நகலெடுத்து விற்பது திருட்டுப் பதிப்பு. நிறுவனம் வெளியிடாத ஒரு கச்சேரியையோ, கைவிட்ட ஸ்டூடியோப் பதிவையோ அனுமதியின்றி வெளியிடுவது பூட்லெக். 1969 கோடையில் பாப் டிலனின் வெளிவராத பாடல்களைக் கொண்ட ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்ற இரட்டை இசைத்தட்டு, எதுவும் அச்சிடாத வெள்ளை உறையில் லாஸ் ஏஞ்சலிஸ் கடைகளுக்கு வந்தது. ராக் இசையில் பரவலாக அறியப்பட்ட முதல் பூட்லெக் அதுவே. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று ஓக்லண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய கச்சேரியைக் கூட்டத்தில் இருந்தபடியே பதிவுசெய்தார்கள். அதுவும் சில வாரங்களில் இசைத்தட்டாக வெளிவந்தது.

இவ்விரண்டிலிருந்தும் விலகி நிற்கும் மூன்றாவது வழக்கம் ஒன்று உண்டு. பணம் கைமாறாமல் இரசிகர்கள் தமக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதே அது. அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் இதற்கு அனுமதி தந்ததோடு நிற்காமல், 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் தொடங்கி, பதிவுசெய்பவர்களுக்கென ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் தனி இடமே ஒதுக்கியது. அதுவரை அவர்கள் மேசைக்கு முன்னால் உயர்த்திப் பிடித்த மைக்குகள் ஒலிப் பொறியாளரின் பார்வையை மறைத்துவந்தன என்பதும் அதற்கு ஒரு காரணம். விற்கக் கூடாது என்பதே குழு விதித்த முக்கிய நிபந்தனை. மறுபுறம், கிங் கிரிம்ஸன் குழுவின் ராபர்ட் ஃபிரிப், கச்சேரியில் பதிவுக் கருவியும் கேமராவும் இருப்பதையே இசைக்கு நேரும் இடையூறாகக் கருதி வெளிப்படையாக எதிர்த்துவந்தவர். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கலைஞரின் ஒப்புதலின்றி மேடை நிகழ்ச்சியைப் பதிவுசெய்வதையே உரிமை மீறலாக்கியது. ஆகவே ஒவ்வொரு குழுவின் நிலைப்பாட்டையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள். அனுமதித்த குழுவின் பதிவுகளைச் சேர்ப்பதில் எந்த முரணும் இல்லை. மறுத்த குழுவின் கச்சேரிக்கு மைக்கை ஒளித்து எடுத்துச் செல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். பணம் வாங்கி விற்பதையோ எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஒரே கச்சேரிக்கு மூன்று பதிவுகள் கிடைக்கின்றன. ஒன்று சவுண்ட்போர்டு, மற்றொன்று பார்வையாளர் பதிவு, மூன்றாவது மேட்ரிக்ஸ். சவுண்ட்போர்டு இருக்கும்போது மற்றவற்றை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: சவுண்ட்போர்டு என்பது அரங்கின் ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுத்த பதிவு. புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய எவரும் அந்தச் சொல்லைக் கண்டதும் மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். அது இயல்புதான், ஆனால் மேசையிலிருந்து நாடாவுக்குப் போனது எது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொறியாளர் கலப்பது நாடாவுக்காக அல்ல, அந்த அரங்கில் இருப்பவர்களின் காதுக்காக. சிறிய அரங்கில் கிதார் ஆம்ப்ளிஃபயரும் டிரம்மும் தாமாகவே இடிபோல் ஒலிக்கும் என்பதால், அவற்றை ஒலிபெருக்கிகளுக்குக் குறைவாகவே அனுப்புவார். அந்த மேசையிலிருந்து எடுத்த நாடாவில் பாடகரின் குரல் முகத்தருகே நிற்கும், கிதாரோ பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் மங்கியிருக்கும். எல்லா வாத்தியங்களும் ஒலிபெருக்கி வழியாகவே போயாக வேண்டிய பெரிய அரங்கங்களில்தான் மேசைக் கலவை ஓரளவு சமநிலையோடு அமையும்.

கூட்டத்தில் இருந்து எடுத்த பதிவில் இருமலும் கைத்தட்டலும் இருக்கும், எதிரொலியும் இருக்கும். அவற்றோடு அந்த இரவு அங்கே நின்றவர்களுக்கு எப்படிக் கேட்டதோ அந்த ஒலியும் இருக்கும். நல்ல மைக்கும் நல்ல இருக்கையும் பொறுமையும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மைக் மில்லார்ட் என்ற கலிஃபோர்னியா இரசிகரின் பதிவுகளே சான்று. ஏகேஜி மைக்குகளையும் நாகமிச்சி 550 கேசட் டெக்கையும் சக்கர நாற்காலியில் மறைத்து அரங்குக்குள் கொண்டுசென்றவர் அவர். 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் லெட் ஜெப்பெலின் வாசித்த கச்சேரியை அவர் பதிவுசெய்த விதம், பார்வையாளர் பதிவு என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை ஒரே பாடலில் மாற்றிவிடும். டிரம்மின் அதிர்வு அரங்கின் சுவர்களில் பட்டுத் திரும்புவது அதில் கேட்கிறது. எந்த மேசை நாடாவிலும் அது கிடைக்காது. (அனுமதி குறித்து மேலே சொன்னதை நான் மறக்கவில்லை. லெட் ஜெப்பெலினின் மேலாளர் பீட்டர் கிராண்ட் இத்தகைய பதிவுகளைக் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும் அந்த நாடா இன்று அக்குழுவின் வரலாற்றில் ஓர் ஆவணம் என்பதை மறுக்க இயலவில்லை.)

மேட்ரிக்ஸ் என்பது மேசைப் பதிவையும் பார்வையாளர் பதிவையும் ஒன்றாகக் கலந்தது. மேடையிலிருந்து 30 மீட்டர் தொலைவில் இருக்கும் மைக்கை ஒலி ஏறத்தாழ 90 மில்லி நொடி தாமதமாகவே அடைகிறது. இரண்டு இயந்திரங்களின் ஓட்டமும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கச்சேரி முழுவதும் சரிசெய்துகொண்டே போனவரின் மேட்ரிக்ஸ் அருமையாக இருக்கும். தொடக்கத்தில் மட்டும் பொருத்திவிட்டு விட்டவரின் மேட்ரிக்ஸில், அரை மணி நேரத்திற்குள் ஒவ்வொரு டிரம் அடியும் இரண்டாகக் கேட்கத் தொடங்கும். மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்; தனித்தனிக் கோப்புறையில், தனித்தனிப் பெயரோடு வையுங்கள்.

கேள்வி: பரிமாற்றத்தில் எனக்கு வந்த ஒரு பதிவின் குறிப்பில் ‘மாஸ்டரிலிருந்து நேரடி நகல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. இதை எப்படி நம்புவது?

பதில்: மாஸ்டர் என்பது கச்சேரியில் முதலில் பதிவான மூல நாடா. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். எந்த மைக், எந்தக் கருவி, எத்தனையாவது தலைமுறைக் கேசட் (நகலின் நகலாக எத்தனை முறை எடுத்தது), எந்த டெக்கில் ஓட்டிக் கணினிக்கு மாற்றினார்கள், அதன்பின் என்ன மென்பொருள் தொட்டது என்று வரிசையாக எழுதியிருப்பதே பதிவின் வம்சாவளி. அதைக் கேட்டு எழுதுங்கள். தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுகிற சேகரிப்பாளரை, எல்லாம் தெரிந்ததுபோல் எழுதுபவரைவிட நான் அதிகம் நம்புவேன். அச்சிட்ட உறையும் சான்றாகிவிடாது. 1966இல் டிலன் மின் கிதாரோடு பாடிய புகழ்பெற்ற கச்சேரி ஒன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்ததாகவே பல ஆண்டுகள் பூட்லெக் தட்டுகளில் அச்சாகிவந்தது. உண்மையில் அது அந்த ஆண்டு மே 17 அன்று மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்தது. 1998இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதும், அந்தத் தவறான பெயர் அவ்வளவு ஊறிப்போயிருந்ததால், மேற்கோள் குறிக்குள் அதையே உறையில் போட்டார்கள்.

ஒலியைச் சோதிக்கவும் வழி உண்டு. 128 கிலோபிட் எம்பி3 கோப்பிலிருந்து, ஒலியை இழப்பின்றிச் சேமிக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றியவை ஏராளமாக உலவுகின்றன. ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டினாற்போல் ஒலி நின்றுவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எஃப்எம் வானொலி ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பல தலைமுறை கடந்த கேசட்டிலும் மேல் அலைகள் தேய்ந்திருக்கும், ஆனால் அது படிப்படியாக மங்குமே தவிர வெட்டுப்பட்டதாகத் தெரியாது. வானொலிப் பதிவு என்று வம்சாவளி சொன்னால் அந்த வெட்டு இயல்பானது. மேசை நாடாவின் நேரடி நகல் என்று சொன்னால் விளக்கம் கேட்க வேண்டியது.

கேள்வி: என்னிடம் மாற்றிக்கொள்ள ஒரு பதிவுகூட இல்லை. பரிமாற்றத்தில் எப்படி நுழைவது?

பதில்: வெற்றுத் தட்டும் திரும்ப அனுப்பும் தபால் செலவும் அனுப்பினால் நகலெடுத்துத் தரும் வழக்கம் இந்த வட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிறது, நகலெடுப்பவர் தம் உழைப்புக்குக் கூலி வாங்கமாட்டார். இணையத்தில் இன்னும் எளிது. 2002இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் நேரலை இசைக் காப்பகத்தில், அனுமதி தந்த குழுக்களின் கச்சேரிகளை மட்டுமே வைக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: 1980களில் பரிமாறிக் கிடைத்த ஒரு பெட்டி கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கணினிக்கு மாற்ற விரும்புகிறேன். இரைச்சலை நீக்கும் மென்பொருள் எது நல்லது?

பதில்: இரைச்சலைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பிலும் உள்ள பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். பழைய பதிவின் மேல் தவறுதலாக வேறொன்று பதிவாவதை அது தடுக்கும். பிறகு டெக்கில் நாடாவைப் படிக்கும் தலையையும் அதை நகர்த்தும் உருளையையும் துடைத்துச் சுத்தமாக்குங்கள். அடுத்து, பலரும் தாண்டிப்போகும் வேலை ஒன்று இருக்கிறது. நாடாவைப் பதிவுசெய்த இயந்திரத்தின் தலை நின்ற கோணமும் உங்கள் டெக்கின் தலை நிற்கும் கோணமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு சேனல்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, தலையின் பக்கத்தில் உள்ள சிறு திருகை மிக மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் சிம்பலின் ஒலி திடீரென்று தெளியும்; அங்கே நிறுத்துங்கள். மங்கலான கேசட் என்று ஒதுக்கியவற்றில் பல, நாடாவில் எந்தக் குறையும் இல்லாதவை என்பது அப்போது தெரியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்தாக வேண்டும். டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிவுசெய்த நாடாவை அது இல்லாமல் ஓட்டினால் ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தும். போடாததை டால்பியோடு ஓட்டினால் மூடிப்போகும். உறையில் குறித்திருந்தாலும் காதால் சரிபாருங்கள்.

வேகம் அடுத்த சிக்கல். பேட்டரி தளர்ந்த கருவி மெதுவாக ஓடியபடி பதிவுசெய்திருந்தால், சரியான வேகத்தில் ஓட்டும்போது பாடல் விரைந்து சுருதியும் ஏறிவிடும். ஆம்ப்ளிஃபயரின் மின் முணுமுணுப்பு இங்கே உதவிக்கு வரும். வட அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. 60 இருக்க வேண்டிய இடத்தில் 62 தெரிந்தால், நாடா மூன்று சதவீதத்துக்கு மேல், அதாவது அரைச் சுருதியில் பாதிக்குச் சற்று அதிகமாக, விரைந்து ஓடுகிறது என்று பொருள். ஆல்பத்தின் சுருதியோடு மட்டும் ஒப்பிட்டுத் திருத்துவது ஆபத்தானது. ஸ்டூடியோவில் ஒரு சுருதியிலும் மேடையில் அரைச் சுருதி தாழ்த்தியும் வாசித்த குழுக்கள் உண்டு.

24 பிட்டில் மாற்றி, எதையும் திருத்தாத முதல் கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் சேமியுங்கள். இரைச்சல் நீக்கத்தை அதன் நகலில் வேண்டுமானால் செய்யுங்கள். பிறருக்கு அனுப்பும்போது திருத்தாததையே அனுப்புங்கள். இரைச்சலோடு சிம்பலின் ஒலியும் அரங்கின் காற்றும் போய்விடும் என்பதும், போனதை எவராலும் மீட்க முடியாது என்பதும் உறுதி. கேசட் உறையில் கையால் எழுதியிருப்பவற்றையும் படமெடுத்துக் கோப்போடு சேருங்கள். யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் பல ஆண்டுகள் பரிமாறிவந்த கச்சேரியைக் குழுவே இப்போது ஆல்பமாக வெளியிட்டுவிட்டது. பழைய பதிவைத் தொடர்ந்து பகிரலாமா?

பதில்: அதே மூல நாடாவிலிருந்து வந்த பதிவு என்றால் பகிர்வதை நிறுத்திவிட்டு ஆல்பத்தை வாங்குங்கள். கிரேட்ஃபுல் டெட் 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் வாசித்த கச்சேரி, அக்குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த நாடாவின் நகல்கள் வழியாகவே நெடுங்காலம் பரவியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அது சேர்ந்தபோதும் ஆல்பமாக வந்திருக்கவில்லை, 2017இல்தான் வெளியானது. 2000ஆம் ஆண்டுப் பயணத்தின் கச்சேரிகளைப் பேர்ல் ஜாம் குழு தானே 72 ஆல்பங்களாக வெளியிட்டதும் இரசிகர்களின் இந்த ஆவலைக் கண்டுதான். கூட்டத்திலிருந்து எடுத்த வேறொரு பதிவு உங்களிடம் இருந்து, குழு பதிவுசெய்வதை அனுமதித்தும் இருந்தால், அதன் பொருள் வேறு. அதில் உள்ள ஒலி ஆல்பத்தில் இல்லை. அதைப் பகிரலாம். குழு விலக்கச் சொன்னால் அன்றே விலக்கிவிடுங்கள்.