வங்கி பிடித்த கட்டணத்தை மீட்க நீதிமன்றம்தான் வழியா?

கேள்வி: லண்டன் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். வேலை நேரம் குறைக்கப்பட்டதிலிருந்து, மூன்று ஆண்டுகளாக என் நடப்புக் கணக்கு பெரும்பாலும் ஓவர்டிராஃப்டிலேயே (இருப்பு தீர்ந்து வங்கியின் பணத்தைக் கடனாக எடுக்கும் நிலையிலேயே) இருக்கிறது. நிலைமையை வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லியும், வட்டியும் கட்டணமுமாக ஏறத்தாழ 640 பவுண் பிடித்துவிட்டார்கள். சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போவதாக எழுதினாலே வங்கி பணத்தைத் தந்துவிடும் என்று நண்பர் ஒருவர் மாதிரிக் கடிதம் கொடுத்திருக்கிறார். அனுப்பலாமா?

பதில்: அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். உங்கள் பணத்தைக் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் அந்த மாதிரிக் கடிதத்தில் இருக்க வாய்ப்பில்லை.

இத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் 2006, 2007 காலத்தில் எழுதப்பட்டவை. கடன் அட்டைத் தவணை தவறினால் 12 பவுணுக்கு மேல் விதிக்கும் கட்டணத்தை நியாயமற்றதாகவே கருதுவோம் என்று பிரிட்டனின் நியாய வர்த்தக அலுவலகம் 2006 ஏப்ரலில் அறிவித்தது. அதே வாதத்தை மக்கள் ஓவர்டிராஃப்ட் கட்டணத்துக்கும் நீட்டி, ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். விசாரணை நாள் நெருங்கும்போது வங்கிகள் எதிர்வாதம் செய்யாமலே பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்மைதான். ‘வங்கி பயந்து கொடுத்துவிடும்’ என்ற பேச்சு அந்த நாட்களின் மிச்சம். 2007 ஜூலையில் அந்த அலுவலகமும், ஏழு வங்கிகளும், ஒரு வீட்டுக்கடன் சங்கமும் சேர்ந்து ஒரு முன்மாதிரி வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. மற்ற வழக்குகள் நாடெங்கும் நிறுத்தி வைக்கப்பட்டன. முதல் இரண்டு நீதிமன்றங்களும் வங்கிகளுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. ஆனால் 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம், இக்கட்டணங்கள் கணக்குச் சேவைக்கு வாடிக்கையாளர் தரும் விலையின் ஒரு பகுதி என்றும், விலை அதிகம் என்ற காரணத்தைக் கொண்டு அவற்றின் நியாயத்தை அளக்க முடியாது என்றும் முடிவு சொல்லிவிட்டது. அதன்பின் ‘உங்களுக்கு ஆன செலவைவிட அதிகமாகப் பிடித்துவிட்டீர்கள்’ என்று மட்டும் சொல்லும் ஓவர்டிராஃப்ட் வழக்கு நிற்பதில்லை. கடிதத்தில் 1999ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அந்த இடத்தை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதையும் கவனியுங்கள். வங்கியின் வழக்கறிஞர் இதை முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் 2020 ஏப்ரல் 6 முதல், ஓவர்டிராஃப்டுக்கு நாள் கட்டணமோ மாதக் கட்டணமோ வாங்குவதைத் தடைசெய்தது. இப்போது ஒரே ஆண்டு வட்டி விகிதம்தான் விதிக்கலாம். முன் அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்டுக்கு அனுமதி பெற்றதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது. பல வங்கிகள் அந்த ஒரே விகிதத்தை 40 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொண்டன என்பது வேறு கதை. ஆகவே உங்கள் 640 பவுணில் பெரும்பகுதி வட்டியாகவே இருக்கும். பணம் போதாமல் திருப்பப்பட்ட கொடுப்பனவுகளுக்குத் தனிக் கட்டணம் பிடித்திருந்தால் அதைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணம் வங்கிக்கு ஆகும் செலவுக்கு நியாயமான அளவில் பொருந்த வேண்டும் என்று விதி உண்டு.

உங்கள் கையில் இருக்கும் வலுவான காரணம், நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன அந்தத் தொலைபேசி அழைப்பு. தொடர்ந்து ஓவர்டிராஃப்டிலேயே இருக்கும் வாடிக்கையாளரை வங்கி தானாகவே அடையாளம் காண வேண்டும், அவரைத் தொடர்புகொண்டு உதவ வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. 2023 ஜூலை 31 முதல் நடைமுறைக்கு வந்த ‘நுகர்வோர் கடமை’ (வாடிக்கையாளர்பால் வங்கிக்கு உள்ள கடமை) என்னும் பொது விதி இதை மேலும் இறுக்கியிருக்கிறது. சிரமத்தை நீங்களே சொன்ன பிறகும் வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போயிருந்தால், விலை நியாயமா என்ற கேள்விக்கே போகாமல், ‘தெரிந்த பிறகும் ஏன் உதவவில்லை’ என்று கேட்கலாம். அந்த அழைப்பின் ஒலிப்பதிவையும் உங்களைப் பற்றிய கணக்குக் குறிப்புகளையும் கேட்டு, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வங்கிக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஸ்டேட்மென்டுகளை எடுத்துவைத்து, கணக்கு ஒரு நாள்கூட ஓவர்டிராஃப்டிலிருந்து மேலே ஏறாத மாதங்களை மஞ்சள் பேனாவால் குறியுங்கள். அந்த மஞ்சள் கோடுகளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்து, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, வங்கிகள் மீதான புகார்களை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நிதி ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம். உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை. ஒம்பட்ஸ்மனின் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும்; ஏற்காவிட்டால் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கும். ஏற்றுக்கொண்ட பின் அதே விஷயத்தில் கூடுதல் தொகை கேட்டு வழக்குப் போட முடியாது. முதலிலேயே நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கிவிட்டால், ஒம்பட்ஸ்மன் அதை மறுபடி கையில் எடுப்பது அரிது. ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நீதிமன்றம் தேவைப்படும் நிலை வந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையான கோரிக்கைகள் சிறு கோரிக்கைப் பிரிவில் கேட்கப்படும். (ஸ்கொட்லாந்தில் வரம்பு 5,000, அங்கே வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவும் ஐந்து ஆண்டுதான்.) 640 பவுண் கோரிக்கையைத் தாக்கல் செய்ய 70 பவுண், விசாரணை வரை போனால் மேலும் 85 பவுண் கட்ட வேண்டும், வருமானம் குறைவானவர்கள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். தோற்றாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது, ஆனால் கட்டிய கட்டணம் போனது போனதுதான். வழக்குக்கு முன் குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்து முன்னறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். 2024 மே முதல் இத்தகைய வழக்குகளில் ஒரு மணி நேரத் தொலைபேசி சமரசப் பேச்சும் கட்டாயமாகியிருக்கிறது. பலரும் சறுக்கும் இடம் பிரதிவாதியின் பெயர். அட்டையில் ஹாலிஃபாக்ஸ் என்று இருந்தாலும் சட்டப்படி அது பேங்க் ஆஃப் ஸ்கொட்லாந்து. ஃபர்ஸ்ட் டிரெக்ட் என்பது எச்எஸ்பிசி யுகே வங்கியின் ஒரு பிரிவு. ஸ்டேட்மென்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரையே எழுதுங்கள்.

இங்கிலாந்தில் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு பொதுவாக ஆறு ஆண்டு. ஒம்பட்ஸ்மனிடம் புகார் நிலுவையில் இருப்பதால் நீதிமன்றக் கடிகாரம் நிற்காது. உங்கள் விஷயம் மூன்று ஆண்டுக்குள் அடங்குவதால் அவசரமில்லை. இதைவிடப் பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகார் போன சில நாளில் வங்கி ‘நல்லெண்ணத் தொகை’ என்று நூறோ இருநூறோ தர முன்வரலாம். கடிதத்தில் ‘முழு, இறுதித் தீர்வு’ என்ற சொற்கள் இருந்தால், வாங்கிய பின் மீதியைக் கேட்க முடியாமல் போகும். அந்த வரியை நீக்கித் தரும்படி எழுதிக் கேளுங்கள். மறுத்தால் கையெழுத்திடாமல் ஒம்பட்ஸ்மனிடம் போங்கள். கமிஷனுக்குப் புகார் எழுதித் தரும் நிறுவனங்களும் வேண்டாம். நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய வேலைக்கு, மீட்ட தொகையில் 30 விழுக்காடு வரை கேட்பார்கள்.

புகார் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் வேறொரு வங்கியில், ஓவர்டிராஃப்ட் வசதியே இல்லாத கட்டணமற்ற அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றிவிடுங்கள். பெரிய வங்கிகள் இத்தகைய கணக்கை வழங்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் விதிமுறைகள் சொல்கின்றன. பழைய கணக்கிலேயே சம்பளம் விழுந்துகொண்டிருந்தால், புகார் நடக்கும் மாதங்களிலும் அது ஓவர்டிராஃப்டிலும் வட்டியிலுமே கரைந்துகொண்டிருக்கும். சம்பளத்தை மாற்றிய கையோடு, பழைய ஓவர்டிராஃப்டை மாதத் தவணையில் அடைக்க ஒரு திட்டம் கேட்டு அதே புகார் கடிதத்தில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.